நுரை வராத ஒட்டுத் திரவம்

நான்கு வருடம் பாடுபட்டு, நுரையே வராத ஒரு திரவத்தைச் செய்து முடித்த அன்று அவள் முதலில் அழைத்தது தன் அண்ணனைத்தான்.

"அண்ணா, வந்திடுச்சு!"

"என்ன வந்துச்சு பாப்பா?"

"நுரை வரலை."

"வராததைத்தான் வந்திடுச்சுன்னு சொல்றியா?"

அவளுக்கு நாற்பத்தொரு வயது. ஒரு கம்பெனியில் வேதியியலாளர்; அங்கே எல்லோருக்கும் மேடம். அண்ணனுக்கு மட்டும் இன்னும் பாப்பா. கம்பெனி செய்கிற சரக்கு ஒன்றே ஒன்றுதான்: பூச்சிமருந்தோடு கலந்து அடிக்கிற ஒட்டுத் திரவம். முட்டைக்கோஸ் இலையின் மேல் மெழுகு பூசினாற்போல ஒரு படலம் உண்டு. வெறும் மருந்துத் தண்ணீரை அடித்தால் முத்து முத்தாகத் திரண்டு உருண்டு மண்ணில் போய் விழும். புழு மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். ஒட்டுத் திரவத்தில் நாலு சொட்டு சேர்த்துவிட்டால் அதே தண்ணீர் இலை முழுக்கப் பரவிப் படிந்துவிடும். பேர் என்னவோ மருந்துக்குத்தான் போகும். மருந்தை இலையில் பிடித்து வைத்தவரை யாரும் கேட்பதில்லை, கல்யாணப் போட்டோவில் போட்டோ எடுத்தவர் இல்லாத மாதிரி.

இந்தத் திரவங்களுக்கெல்லாம் ஒரு கெட்ட குணம், நுரை. டேங்கில் தண்ணீர் விடும்போதே பொங்கி வாய் வழியே வழியும். பாதி நிறைந்ததும் முழுக்க நிறைந்துவிட்ட மாதிரி ஏமாற்றும். முதுகில் மாட்டிக்கொண்டு நடந்தால் மூடி இடுக்கில் கசிந்து, மருந்தையும் கூட்டிக்கொண்டு சட்டைக்குள் இறங்கும். நான்கு வருடத்துக்கு முன்னால், முட்டைக்கோஸுக்கு மருந்து அடித்த அண்ணன் முதுகில் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு சிவந்த பட்டை கிளம்பி, மனிதர் இரண்டு மாதம் குப்புறப் படுத்தே தூங்கினார். அவள் பார்க்கப் போனபோது அண்ணி களிம்பு தடவிக்கொண்டே கேட்டாள்: "இது உங்க கம்பெனி சரக்குதானே?"

இல்லை என்று சொல்ல வழியில்லை. அந்தப் புட்டியின் லேபிளில் இருந்த வாசகத்தை எழுதிக் கொடுத்ததே அவள்தான். "அபாரமான நுரை!" என்பது அதில் முதல் வரி.

அன்றைக்கு ஆரம்பித்தது. ஆய்வுக்கூடம் கட்டடத்தின் கடைசியில், பீப்பாய்கள் அடுக்கிய கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்தது. கண்ணாடி உருளையில் தண்ணீர், அதில் பத்துச் சொட்டு திரவம், முப்பது தடவை கவிழ்த்து நிமிர்த்தல், பிறகு நுரையின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளத்தல். முதல் வருடம் பன்னிரண்டு சென்டிமீட்டர். மூன்றாம் வருடம் இரண்டு. மணிக்கட்டு வீங்கி ஒரு மாதம் பட்டை போட்டுக்கொண்டாள். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை முப்பது தடவை கவிழ்த்த பிறகும் தண்ணீர் தண்ணீராகவே நின்றது. அதில் ஒரு சொட்டை எடுத்து முட்டைக்கோஸ் இலையில் விட்டாள். சொட்டு கண்ணெதிரே கைகால் நீட்டிப் படுத்துக்கொண்டது.

அண்ணன் வயலிலேயே சோதனை வைத்தாள். பன்னிரண்டு பாத்தி. ஆறு பாத்திக்குப் பழைய திரவம், ஆறு பாத்திக்குப் புதியது. எல்லாவற்றையும் அளந்து, கேன்களில் பழையதற்குப் பச்சை, புதியதற்கு மஞ்சள் என்று நாடா ஒட்டிக் கொடுத்தாள். அடிக்கிற வேலை அண்ணனுடையது. மூன்று வாரம் கழித்துப் போய் இலைகளைப் புரட்டி ஓட்டைகளை எண்ணினாள். பழைய திரவம் அடித்த பாத்திகளில் நூறு இலைக்கு முப்பத்தொன்று ஓட்டை விழுந்திருந்தது. புதியதில் ஒன்பது. நம்ப முடியாமல் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். ஒன்பதுதான்.

விற்பனை மேலாளருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் வளர்ச்சி. அந்தச் சொல் இல்லாமல் அவருக்கு ஒரு வாக்கியம் முடியாது. மூன்று நாள் லீவு கேட்ட டிரைவரிடம், "ஓய்வும் ஒரு வளர்ச்சிதான்பா, ஆனா ஒரு நாள் வளர்ச்சி போதும்" என்றவர். சோதனை முடிவைப் பார்த்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"முப்பத்தொன்னு எங்கே, ஒன்பது எங்கே! மேடம், இது வளர்ச்சி இல்லை. இது பாய்ச்சல்!"

ஐயாயிரம் புட்டி நிரப்பினார்கள். நகரத்து ஓட்டல் ஒன்றின் கூடத்தில் பூச்சிமருந்துக் கடைக்காரர்களைக் கூட்டி அறிமுக விழா வைத்தார்கள். மேடையில் இரண்டு கண்ணாடித் தொட்டி. ஒன்றில் பழைய திரவம், இன்னொன்றில் புதியது. அவள் இரண்டையும் கலக்கினாள். பழையது பொங்கி மேசைவிரிப்பில் வழிந்தது. புதியது அசையாமல் நின்றது. கூட்டத்தில் பலமான கைதட்டல். அவள் முகம் மலர்ந்து நிமிர்ந்தாள். எல்லோரும் பழைய தொட்டியைப் பார்த்துத்தான் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

முன்வரிசையிலிருந்து ஒரு மூத்த கடைக்காரர் எழுந்து வந்து, புதிய புட்டி ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இதுல சரக்கு போட மறந்துட்டாங்களா?"

"நுரை வராததுதான் சார் இதோட விசேஷம். நுரைக்கும் ஒட்டறதுக்கும் சம்பந்தமே கிடையாது."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்கும் இப்ப தெரியும். வாங்க வர்றவங்களுக்கு யார் சொல்றது? நான் கடையைப் பாக்கறதா, பாடம் நடத்தறதா?"

இரண்டு மாதத்தில் புட்டிகள் ஒவ்வொரு பெட்டியாகத் திரும்பி வந்தன. திருப்பி அனுப்பும் சீட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. "நுரை இல்லை" என்று பலர் எழுதியிருந்தார்கள். "தண்ணீர் கலந்த சரக்கு" என்று சிலர். ஒரு கடைக்காரர், "வாடிக்கையாளர் சிரிக்கிறார்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அவர் குரல் எவ்வளவு தணிகிறதோ அவ்வளவு ஆபத்து. அன்றைக்கு அவர் பேசியதைக் கேட்க அவள் மேசை மேல் சாய வேண்டியிருந்தது.

"ஏம்மா, நிஜமாவே வேலை செய்யுதா இது?"

"செய்யுது சார். சோதனை முடிவு இருக்கு."

"முடிவு காகிதத்துல இருக்கு. ஒரு ஆள் வந்து வாயால சொல்லட்டும்" என்றார் வளர்ச்சி. "விவசாயி சொன்னா கடைக்காரன் கேப்பான். அதுதான் வளர்ச்சி."

அவளுக்குத் தெரிந்த விவசாயி ஒருவர்தான். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையும், நாலு பட்டனும் போட்ட இறுக்கமும், கையில் ஒரு முட்டைக்கோஸுமாக வந்து சேர்ந்தார். முதலாளி, வளர்ச்சி, பெரிய கடைக்காரர்கள் பத்துப் பேர். நீள மேசை. அண்ணன் முட்டைக்கோஸை நடுவில் வைத்தார். நல்ல பெரியது, ஓர் ஓட்டை கிடையாது. எல்லோரும் அதைத் தடவிப் பார்த்தார்கள்.

"சொல்லுங்க, எப்படி இருந்துச்சு?" என்றார் முதலாளி.

"பிரமாதம்ங்க. இலையில அப்படியே பிடிச்சுக்குது. முதுகெல்லாம் வழியறதில்லை. என் தங்கச்சி செஞ்சதுங்கறதுக்காகச் சொல்லலை."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மூத்த கடைக்காரர் தலையாட்டினார். அண்ணன் அதோடு நிறுத்தியிருக்கலாம். பத்துப் பேர் தன்னையே பார்க்கிறார்களே என்ற உற்சாகத்தில் ஒரு யோசனையும் சேர்த்துக் கொடுத்தார்.

"கூட ஒரு கரண்டி துணி சோப்புத்தூள் போட்டுக்கிட்டா இன்னும் நல்லா இருக்கும்."

மூத்த கடைக்காரரின் தலையாட்டல் நின்றது.

"சோப்புத்தூளா?" என்றாள் அவள்.

"ஆமா. டேங்குக்கு ஒரு கரண்டி."

"எந்த டேங்குக்கு?"

"மஞ்சள் நாடா ஒட்டினதுக்குத்தான். பச்சையில தானாவே நுரை வருதே, அதுக்கு எதுக்கு?"

சோதனை, முப்பத்தொன்று, ஒன்பது, ஐயாயிரம் புட்டி, எல்லாம் அந்தக் கரண்டியோடு கரைந்து போயின. அவள் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். யார் எப்போது எழுந்து போனார்கள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. முட்டைக்கோஸை மட்டும் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பஸ் நிறுத்தத்தில் அண்ணனுக்கு மெல்ல விஷயம் புரிந்தது.

"நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டேனா?"

"சொன்னது தப்பில்லைண்ணா. செஞ்சதுதான் தப்பு. எதுக்குப் போட்டே?"

"பாவமா இருந்துச்சு பாப்பா."

"யாரைப் பாத்து?"

"உன்னைத்தான். நாலு வருஷம் கஷ்டப்பட்டுச் செஞ்சது, டேங்குல ஊத்தினா ஒண்ணுமே ஆகலை. பக்கத்து வயல்காரன் எட்டிப் பாத்துட்டு, 'தங்கச்சி தண்ணி பிடிச்சுக் குடுத்துச்சா?'ன்னு கேட்டான். எனக்குத் தாங்கலை. உன் பேர் கெட்டுடக் கூடாதேன்னு வீட்டுக்குப் போய்க் கரண்டியை எடுத்துட்டு வந்தேன்."

இதற்கு எப்படிக் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் கோபப்பட்டாள். பஸ் வந்தது, அண்ணன் ஏறும்போது திரும்பிப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்தபடி நின்றாள். அதன் பிறகு ஆறு மாதம் அவள் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

மறுநாள் ராஜினாமாக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள். உள்ளே வளர்ச்சி வெள்ளைப் பலகையில் ஒரு பெரிய கரண்டியை வரைந்து வைத்திருந்தார்.

"வாங்க மேடம், வாங்க! உங்க அண்ணன் தெய்வம்!"

"சார், அந்தச் சோதனை செல்லாது. நான் எழுத்துல—"

"சோதனை கிடக்கட்டும். ஒரு மனுஷன் நம்ம சரக்கை வாங்கி, அதுல நம்ம சரக்கு இல்லாத ஒண்ணைப் போடறான். அப்படின்னா என்ன அர்த்தம்? அந்தக் கரண்டி நம்மகிட்ட இருந்து போகணும்னு அர்த்தம். சந்தையே அந்தக் கரண்டியிலதான் இருக்கு!"

"நுரை எதுக்கும் உதவாது சார். முதுகைப் புண்ணாக்கும், அவ்வளவுதான்."

முதலாளி குரலைத் தணித்தார். "அம்மா, நுரை வந்தா வேலை நடக்குதுன்னு ஜனங்க நம்பறாங்க. அந்த நம்பிக்கையை மாத்தற அளவுக்கு நம்மகிட்ட ஆள் இல்லை. நுரை வர வைக்கற அளவுக்கு ஆள் இருக்கு. நீங்க இருக்கீங்க."

நுரையைப் போக்க அவளுக்கு நான்கு வருடம் பிடித்தது. திரும்ப வர வைக்க ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. கண்ணாடி உருளையை ஐந்தே தடவைதான் கவிழ்த்தாள். நுரை வாய் தாண்டிப் பொங்கி அவள் முழங்கை வரை வழிந்தது. வளர்ச்சி அதைப் படம் பிடித்து லேபிளில் போட்டார். கைப்பையிலிருந்த கடிதத்தை அவள் கொடுக்கவில்லை. மகள் கல்லூரியில் சேருகிற வருடம் அது. கணவன் வேலை பார்த்த அச்சகமும் மூடியிருந்தது. கோபத்தைக் காட்ட வசதி வேண்டும் அல்லவா?

நுரையூட்டி என்று பேர் வைத்த புதுச் சரக்கு பறந்தது. திரும்பி வந்த ஐயாயிரம் புட்டியும் கொட்டகையில் தூசி படியக் கிடந்தன. இதுவோ நிரப்ப நிரப்பப் போயிற்று. மூத்த கடைக்காரர் தொலைபேசியிலேயே கும்பிடு போட்டார். ஆறாவது வாரத்தில் புகார்கள் வர ஆரம்பித்தன. டேங்க் பொங்குகிறது. மூடி நிற்கவில்லை. சட்டை நனைகிறது. அவள் அந்தக் கடிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள், இப்போதாவது புரியும் என்று.

வளர்ச்சிக்கு உடனே புரிந்தது. "நுரையை அடக்க ஒரு திரவம்!" என்றார்.

நுரையடக்கி சிறு பாக்கெட்டாக வந்தது. புட்டியின் கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டார்கள். முதலில் புட்டியை ஊற்ற வேண்டும். நுரை பொங்கும். அதைக் கண் குளிரப் பார்த்த பிறகு பாக்கெட்டைக் கிழித்து ஊற்ற வேண்டும். நுரை அடங்கும். ஆக மொத்தம் டேங்கில் மிஞ்சுவது, அவள் முதலில் செய்த அதே திரவம், கொஞ்சம் மட்டமான தரத்தில்.

அந்த வருடம் சந்தை ஆய்வு நிறுவனம் ஒன்றிலிருந்து ஓர் ஆள் தொலைபேசியில் பேட்டி எடுத்தார்.

"மேடம், ஒட்டுத் திரவச் சந்தை அடுத்த ஏழு வருஷத்துல எப்படி இருக்கும்?"

"எனக்குத் தெரியாதுங்க."

"நுரையூட்டி, நுரையடக்கி ரெண்டுமே வேகமா வளருதே, காரணம் என்னவா இருக்கும்?"

"ஒண்ணு வளர்றதுதான் இன்னொண்ணு வளரக் காரணம்."

அறிக்கை முந்நூறு பக்கத்தில் வெளிவந்தது. "ஒன்றையொன்று ஊக்குவிக்கும் இரு துறைகள் எனத் துறை வல்லுநர்கள் கருதுகின்றனர், எதிர்காலம் குறித்து நிதானமான மௌனம் காக்கின்றனர்" என்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது. வளர்ச்சி அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்.

பஸ் நிறுத்தத்துச் சண்டைக்கு ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி அழைத்தாள்.

"உங்கண்ணன் சரியா சாப்பிடறதில்லை. சோப்புத்தூள் டப்பாவைப் பாத்தாலே எழுந்து போயிடறாரு. துணியைக்கூட நான் ஒளிச்சு வெச்சுத் துவைக்க வேண்டியிருக்கு. வந்து ரெண்டு திட்டாவது திட்டிட்டுப் போ."

அவள் போனாள். திட்டவில்லை. பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கொட்டகையில் கிடந்த நுரை வராத புட்டிகளில் நாலை எடுத்து வந்திருந்தாள். மறுபடி பன்னிரண்டு பாத்தி. இந்த முறை டேங்கைத் தன் முதுகிலேயே மாட்டிக்கொண்டாள். அண்ணனை வரப்பில் நிற்க வைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னாள். பக்கத்து வயல்காரர் எட்டிப் பார்த்து வாயைத் திறந்தார். அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் மூடிக்கொண்டார்.

லீவு முடிந்த பிறகு இரண்டு ஞாயிறு வந்து பார்த்து, மூன்றாவது ஞாயிறன்று எண்ணினாள். அண்ணனும் கூடக் குனிந்து எண்ணினார். சோப்புத்தூள் இல்லாமலே நூறு இலைக்கு எட்டு.

"அப்ப நான் போட்டது?"

"ஒண்ணுத்துக்கும் உதவலைண்ணா. கெடுக்கவும் இல்லை."

"எட்டுதானா? சரியா எண்ணினியா?"

"எட்டுதான்."

அண்ணன் பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "தெரிஞ்சிருந்தா அன்னிக்கு அந்த மேசையில நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பேனே பாப்பா" என்றார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். முடிவைத் தட்டச்சு செய்து மறுநாளே முதலாளிக்குக் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு, "நல்ல விஷயம்" என்று மெதுவாகச் சொல்லி இழுப்பறையில் வைத்தார்.

அந்தக் காகிதம் இழுப்பறையிலேயே இருந்திருக்கும். மூன்று வாரம் கழித்து, தலையில் வெயில் தொப்பியும் காலில் சேறுமாக ஓர் இளம்பெண் வரவேற்பறைக்கு வந்து நின்றாள். ட்ரோனில் மருந்து அடித்துக் கொடுப்பது அவள் தொழில். மூன்று ட்ரோன் வைத்திருந்தாள்.

"நுரையே வராத ஒண்ணு உங்ககிட்ட இருக்காமே? ஓடாத சரக்குன்னு ஒரு கடைக்காரர் சொன்னாரு."

வேதியியலாளர் ஆய்வுக்கூடத்திலிருந்து கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள்.

"இருக்கு. எதுக்கும்மா கேக்கறீங்க?"

"நுரை வந்தா பம்பு காத்தை இழுக்குதுக்கா. அளவு தப்பிப் போய் மிஷின் பாதி வயல்லேயே இறங்கி உக்காந்துடுது. எந்தத் திரவம் போட்டாலும் இதே தலைவலி."

அவள் அந்தப் பெண்ணை உள்ளே கூட்டிப்போய், உட்கார வைத்து, டீ வரவழைத்து, கண்ணாடி உருளையை முப்பது தடவை கவிழ்த்துக் காட்டினாள். தண்ணீர் தண்ணீராகவே நின்றது. அந்தப் பெண் கைதட்டினாள், இந்த முறை சரியான திசையில். நான்கு வருடமும் அதற்கு மேலும் கழித்துக் கிடைத்த முதல் வாடிக்கையாளர். அவளுடைய ட்ரோன்களுக்குக் கண் கிடையாது, பக்கத்து வயல்காரர் கிடையாது, மானம் போய்விடுமே என்ற கவலையும் கிடையாது.

கொட்டகையில் இருந்த மொத்தத்தையும் அந்தப் பெண்ணும் அவளுக்குத் தெரிந்த நாலைந்து ட்ரோன்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். வளர்ச்சி செய்தி கேட்டு ஓடி வந்து, "நுரையின்மைத் தொழில்நுட்பம்!" என்று கூவினார். அது தன் யோசனை என்று அடுத்த கூட்டத்தில் சொல்லவும் செய்தார். முதலாளி இழுப்பறையைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். மாதம் ஒரு தொட்டி அளவுக்கு அவள் திரவத்தைச் செய்ய அனுமதி கிடைத்தது. பெரிய தொட்டிகளில் வழக்கம்போல நுரையூட்டியும் நுரையடக்கியும் ஓடின.

ஒரு மாதம் போன பிறகு அவள் அந்தப் பெண்ணை அழைத்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டாள்.

"மிஷினுக்கு எந்தப் புகாரும் இல்லைக்கா. ஆனா வயல்காரங்க சுத்தி நின்னுக்கிட்டு, 'என்னம்மா, நுரையைக் காணோம், வெறும் தண்ணியா அடிக்கறே?'ன்னு ஒரே தொல்லை. ரெண்டு பேர் காசு தரமாட்டேன்னுட்டாங்க."

"ஐயோ. அப்புறம்? சோப்பு கீப்பு எதுவும் போட்டுடலையே?"

"சேச்சே. டேங்க் மேல வெளிப்பக்கமா வெள்ளைப் பெயின்ட்ல நுரை பொங்கற மாதிரி வரைஞ்சுட்டேன். நல்லாவே வந்திருக்கு. இப்ப யாரும் வாயே திறக்கறதில்லை."

அவள் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே சிரித்தாள். அடக்க அடக்கச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மருந்து பட்டாலும் அழியாத பெயின்ட் எது என்று அந்தப் பெண்ணுக்கு விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.